பஞ்சத்தை ஆடப் பட்டினி கிடக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், சேலத்தில் அவள் கற்றுக்கொள்ளும் நடனப் பள்ளியின் ஆண்டு விழாவில் தாது வருடப் பஞ்சத்தை (1876–78) பற்றிய நாட்டிய நாடகத்தில் ஆடுகிறாள். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கஞ்சித் தொட்டி முன் நிற்கும் தாய் வேடம். ஒத்திகை தொடங்கிய ஐந்து வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. “பசி முகத்தில் தெரியணும், ஒத்திகை அன்னைக்கு மதியம் சாப்பிடாமல் வா” என்று அவளுடைய மிஸ் சொல்லியிருக்கிறார். உங்கள் மாமியாரோ, பஞ்சத்தை ஆடினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். இப்படிப்பட்ட சோக வரலாற்றைப் பிள்ளைகளை வைத்து ஆடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி என்று தோன்றுகிறது. மேடையில் காட்டும் துக்கம் ஆடுகிற பிள்ளையின் உடம்பிலேயே தங்கிவிடுமா, அவளை இப்போதே நிறுத்திவிடலாமா, இதைத்தானே கேட்கிறீர்கள்?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் முப்பத்தொரு வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். இதே பஞ்சத்தை நானும் மேடையேற்றினேன், அதில் நிறையத் தப்பும் செய்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆடலாம். ஆனால் பட்டினி போட்டு ஆட வைக்கக் கூடாது. நான் மருத்துவர் இல்லை, உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று இங்கிருந்து சொல்ல முடியாது. என் தொழிலுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு. அவள் சாப்பாட்டைக் குறைத்தது ஒத்திகைக்குப் பிறகா, அதற்கும் முன்பிருந்தேயா? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். பதிமூன்று, பதினான்கு வயதில், சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த வகுப்பில், காஸ்ட்யூம் தைக்க இடுப்பளவு எடுக்கும் நாளில் திடீரென்று “பசிக்கலை” என்று சொன்ன பிள்ளைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராவது பார்த்திருக்கிறேன். மெலிய வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே மனத்தில் இருந்த பிள்ளைக்கு, “வேடத்துக்காகச் சாப்பிடவில்லை” என்பது யாரும் குறை சொல்ல முடியாத சாக்கு. வீட்டில் திட்டு விழாது, வகுப்பில் பாராட்டே கிடைக்கும். உங்கள் மகளுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். எடை குறைகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்றால் விழா முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தூக்கம் கெடுவதையும் பயத்தையும் பற்றிப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. அரசு சேவை, பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்த “சாப்பிடாமல் வா” விஷயத்துக்கு வருகிறேன். சக ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இது நம் கலைக்குள்ளிருந்து வந்த வழி கிடையாது. கருணை ரசத்தின் நிலையான உணர்வு சோகம் என்று நாட்டிய சாஸ்திரம் சொல்கிறது. அதை வெளிக்காட்ட உடம்பு என்ன செய்ய வேண்டும் என்றும் வரிசையாகச் சொல்கிறது: கண்ணீர், புலம்பல், வாய் உலர்வது, நிறம் மாறுவது, கை கால் தளர்வது, பெருமூச்சு, நினைவு தப்புவது. கண்ணீர் போன்றவை மனம் ஒன்றாமல் வராது என்றும் அதிலேயே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மனம் ஒன்ற வேண்டும் என்கிறதே தவிர வயிறு காய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. போர், நாடு இழப்பது, மரணம் இவற்றை நாடகத்தின் அங்கத்தில், அதாவது மேடைக் காட்சியில், நேரடியாகக் காட்ட வேண்டாம், வேறு வகையில் தெரிவிக்கலாம் என்றும் அந்த நூல் சொல்கிறது. இரண்டாயிரம் வருடப் பழக்கம் உள்ளவர்கள் காரணமில்லாமலா அப்படி ஒதுக்கியிருப்பார்கள்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, வேண்டியவர்களையோ வேண்டியதையோ இழப்பது, இருந்த நிலையிலிருந்து விழுவது, இல்லாமை. என் மாணவிகளிடம் நான் இதைத்தான் கேட்பேன். இந்தத் தாய் எதற்கு அழுகிறாள்? எல்லோரும் முதலில் “குழந்தை செத்ததுக்கு” என்பார்கள், அதாவது இழவு. கொஞ்ச நேரம் விட்டால் ஒருத்தி சொல்வாள், “நேத்து வரைக்கும் இவங்க வீட்டுல பத்துப் பேருக்குக் களி கிண்டியிருப்பாங்க மிஸ், இன்னைக்குக் கை நீட்டுறாங்க.” அது அசைவு. வரிசையில் பிடித்துத் தள்ளுகிறார்களே, அது இளிவு. இப்படிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் பிள்ளை அந்தத் தாயை ஒரு மனுஷியாக எதிரில் வைத்துப் பார்க்கிறாள், தானே அந்தத் தாயாகிக் கரைந்துபோவதில்லை. இந்தச் சின்ன இடைவெளிதான் அவளைக் காப்பாற்றும்.

முகத்தில் சோகத்தை வைத்தால் மனத்திலும் சோகம் வருமா என்று கேட்டால், உறுதியான பதில் இன்னும் முழுதாகக் கிடையாது. 1983-இல் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனும் கூட்டாளிகளும் முகத்தசைகளை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிச் சோதித்தபோது இதயத்துடிப்பு மாறுவதைக் கண்டார்கள். 1988-இல் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டால் சிரிப்புப் படம் கூடுதலாகச் சிரிப்பு மூட்டுகிறது என்று ஒரு சோதனை சொன்னது. 2016-இல் 17 ஆய்வுக்கூடங்கள் அதைத் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. 2022-இல் 19 நாடுகளில் சுமார் 3,900 பேரை வைத்துச் செய்த பெரிய சோதனையில், சிரித்த முகத்தைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கு மனநிலை கொஞ்சம் மாறியது. கொஞ்சம்தான். அதுவும் சிரிப்பை வைத்துச் செய்த சோதனை. ஐந்து வாரம் தொடர்ந்து அழுகை முகம் வைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் அனுபவத்தில் முகம் மட்டும் யாரையும் கெடுத்ததில்லை. முகத்தோடு சொந்த நினைவையும் சேர்த்து “உன் தாத்தா செத்ததை நினைச்சுக்கோ” என்று சொல்லித் தூண்டும்போதும், பசி, தூக்கமின்மை என்று உடம்பையே உண்மையில் வாட்டும்போதும்தான் பிள்ளைகள் வகுப்பு முடிந்த பிறகும் அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வருவது என்றேன் அல்லவா, அதற்கு நம்மிடம் பழைய வாசல்கள் இருக்கின்றன. பரத வகுப்பில் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தட்டிக் கும்பிடுகிறோமே, அது பூமியிடம் மன்னிப்புக் கேட்பது மட்டும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். “இதுவரை வேறு ஆள், இனிமேல் நான்” என்று உடம்புக்குச் சொல்லும் கோடும் அதுதான் என்று பின்னால் புரிந்தது. அவசரத்தில் முடிவுக் கும்பிடைத் தவிர்க்கும் வகுப்புகளில்தான் பிள்ளைகள் வேடத்தோடேயே வீட்டுக்குப் போகிறார்கள். சூசனா பிளாக் என்ற சிலி நாட்டு ஆய்வாளர் நடிகர்களுக்காக வகுத்த பயிற்சியிலும் கிட்டத்தட்ட இதே இருக்கிறது: காட்சி முடிந்ததும் மூச்சை மெதுவாக ஆழமாக இழுத்துவிடுவது, முகத்தைக் கையால் தடவித் தளர்த்துவது, நின்ற நிலையை மாற்றுவது. எங்கோ தென்னமெரிக்காவில் கண்டுபிடித்ததைப் படித்தபோது, எங்கள் வாத்தியார் சலங்கையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே வாயைத் திறப்பாரே, அது நினைவுக்கு வந்தது.

கூத்துக்காரர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். சேலம், தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். துகில் உரியும் இடம் வரும்போது ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். துச்சாதனன் வேடக்காரர் திரௌபதையை வணங்கிவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். தன் கை செய்யப்போவது தன்னுடைய செயல் இல்லை என்று ஊர் முன்னால் சொல்லிவிடுகிறார். எவ்வளவு கனமான கட்டமானாலும் கட்டியங்காரன் ஒருவன் நடுவில் வந்து விளக்கெண்ணெய் விலையைப் பேசிச் சிரிக்க வைப்பான். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்து, ஒப்பாரி வைத்து, கூந்தல் முடித்து, அந்தத் துக்கத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சாமி வந்து ஆடுகிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே தண்ணீர் தெளிக்க, பிடித்து உட்கார வைக்க ஆள் தயாராக நிற்கும். உங்கள் மகளுக்குப் பக்கத்தில் அப்படி யார் நிற்கிறார்கள்?

சரி, என் தப்புகள். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு பதினாறு பிள்ளைகளை வைத்து இந்தப் பஞ்சத்தை அமைத்தேன். நம் ஊர்க் கதை என்பதால்தான் எடுத்தேன். தாது வருடம் என்பது 1876 சித்திரை முதல் ஒரு வருடம், கொடுமை அடுத்த ஈசுவர வருடத்திலும் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர், 1881-இல் சுமார் 16 லட்சம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் சேர்ந்துதான் அந்தக் குறைவு. இந்தியா முழுக்க இறந்தவர்கள் 55 லட்சம் என்பாரும் உண்டு, 96 லட்சம் வரை என்பாரும் உண்டு. மழை பொய்த்தது நிஜம், ஆனால் மழை மட்டுமே காரணமில்லை. 1862-லேயே சேலம் வழியாக ரயில் பாதை மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை போய்விட்டது. தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது. வாங்கக் கூலிக்காரர்களிடமும் நெசவாளர்களிடமும் காசு இல்லை. 1877 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று எதிர்த்தார். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு 450 கிராம். அந்த ஒரு எண்ணை மேடையில் காட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் அதைக் காட்டாமல் தில்லி தர்பாரைக் காட்டினேன். அதே மாதம் முதல் தேதி விக்டோரியா ராணியைப் பேரரசியாக அறிவித்த விழா. கிரீடம், விசிறி, ஜிகினா. பிள்ளைகளுக்கு அந்தக் காட்சிதான் பிடித்தது, ஏனென்றால் அது சேலம் குகை மாரியம்மன் திருவிழாவில் வேடம் போட்டு வண்டிகளில் வருவார்களே, அந்த வண்டி வேடிக்கை மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்களும் வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது முறை அதை எடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு, கஞ்சிக்காக இரண்டு கிழவர்கள் அடித்துக்கொள்ளும் காட்சி. சுறுசுறுப்பான ஜதி, அதாவது தாளச் சொற்கட்டு, வைத்திருந்தேன். ஒரு கல்லூரி அரங்கில் ஆடியபோது பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மிருதங்கம் சிரிக்கச் சொல்கிறது, அவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஜதியை நீக்கிவிட்டு, தம்பூராவை மட்டும் வைத்து, ஒருத்தி காலிப் பானையின் அடியைக் கையால் துழாவிப் பார்ப்பதாக மாற்றினேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது தப்பு உங்களுக்கு நேராகப் பயன்படும். தாய் வேடத்துப் பெண் கையில் துணிப் பொம்மை கொடுத்திருந்தேன். ஒத்திகை இல்லாத நேரத்தில் அந்தப் பொம்மையை யாரும் தொட மாட்டார்கள். ஒருத்தி அதன் மேல் தன் ஸ்கூல் பையை வைத்து மூடிவிட்டுப் போவாள். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பொம்மையை எடுத்துவிட்டு, வெறும் கைகளால் தூக்கச் சொன்னேன். இடது முழங்கைக்குள் ஒரு தலை இருப்பதாக வைத்துக்கொள், நடக்கும்போது அந்தக் கையை மட்டும் அசைக்காதே, கடைசியில் கையைத் திற, அவ்வளவு போதும். பொம்மை போனதும் ஆடுகிறவளுக்குப் பாரம் குறைந்தது, பார்க்கிறவர்களுக்குக் கூடிவிட்டது. அபிநயம் என்பதே இதற்காகத்தானே இருக்கிறது. உங்கள் மகளிடம் பொம்மை கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமாக மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. மேக்கப் செய்வதற்கு அதைப் பார்த்து வரச் சொல்லியிருந்தால், அவள் விளக்கை அணைக்க விடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும், மேடையில் அதே மாதிரி உட்கார வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. படத்தில் இருப்பவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதையை ஆடினால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஒரு நாட்டியக்காரியின் கதையாகவும் இருக்கும். வரலாறு என்று அறிவிக்காமல், சொல்லப்படும் கதை என்று மைக்கில் சொல்லிவிட்டு ஆட வேண்டும்.

பார்க்கிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் மகளுக்கு அதிலும் சம்பந்தம் இருக்கிறது. கொங்கு நாட்டில் பஞ்சத்தைக் கும்மியாகக் கட்டிப் பாடியிருக்கிறார்கள், அச்சுப் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. கும்மி என்றாலே ஆட்டம். கஞ்சிக்கு அலைந்த கதையை வட்டமாக நின்று கைகொட்டிப் பாடியிருக்கிறார்கள் என்றால், துக்கத்தை ஆடுவது நம் பெண்களுக்குப் புதிதில்லை. என் முடிவுக் காட்சி அதிலிருந்துதான் கிடைத்தது. பதினாறு பேர் திஸ்ர நடையில், மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில், கும்மி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருத்தி வட்டத்தை விட்டுப் போவாள், மற்றவர்கள் அந்த இடைவெளியை மூடாமலேயே ஆட வேண்டும். கைதட்டல் மெலிந்துகொண்டே வந்து கடைசியில் ஒற்றைக் கைதட்டல். விளக்கு அணையும். முதல் நாள் அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. திரைக்குப் பின்னால் கடைசிப் பெண் “மிஸ், நல்லா இல்லையா?” என்று அழுதாள். சோகத்தை ஆடும் பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நான் சொல்ல மறந்துவிட்டேன். அதன் பிறகு எல்லோரும் திரும்ப மேடைக்கு வந்து, மத்தியமாவதி ராகத்தில் மங்களம் ஆடி, வேடத்தைக் கலைத்த முகத்தோடு வணங்குவது என்று வைத்தேன். கைதட்டல் அப்போது வரும், பிள்ளைகளும் பிள்ளைகளாகத் திரும்பிவிடுவார்கள்.

அன்றைக்கு ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய பாட்டிக்கு அவள் பாட்டி சொன்னதாம்: வீட்டில் எவ்வளவு இருந்தாலும் ஒரு கைப்பிடி கேழ்வரகைத் துணியில் முடிந்து அடுப்புக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாமலே மூன்று தலைமுறை வைத்திருக்கிறார்கள். “இன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சதும்மா” என்றார். அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1930-இல் துணிக்குழாய்க்குள் உட்கார்ந்தபடி ஆடிய ‘லாமென்டேஷன்’ என்ற தனி நடனத்தைப் பார்த்த பிறகு, தன் மகன் கண்ணெதிரே இறந்தும் அழ முடியாமல் இருந்த ஒரு பெண் அழுதாள் என்று கிரஹாமே சொல்லியிருக்கிறார். இப்படி நடப்பது உண்டு. ஆனால் நாடகம் பார்த்ததால் மனிதர்கள் நிரந்தரமாக இரக்கம் உள்ளவர்களாக ஆகிவிடுவார்கள் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதே அரங்கில், நிகழ்ச்சி முடிந்து பார்க்கிங்கில் ஹாரன் அடித்துச் சண்டை போட்டவர்களையும் பார்த்தேன். சமீபத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர் யாராவது முன்வரிசையில் இருக்கலாம் என்பதால், என்ன ஆடப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது.

உங்கள் மாமியாரின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். கூத்துக்காரர் கற்பூரம் ஏற்றுவதும் அவர் பயப்படுவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பாவனையானாலும் துக்கத்தைச் சும்மா கூப்பிடக் கூடாது என்கிறார். விழாவுக்கு முந்தின நாள் பேத்தி கையால் ஒரு படி அரிசி யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள், அவர் மனமும் ஆறும், பிள்ளைக்கும் அது ஒரு வாசலாக இருக்கும்.

மிஸ்ஸிடம் பேசும்போது சண்டையாகப் போகாதீர்கள், மற்ற பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்பு வயிறு நிறையாமல் ஆனால் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள் என்று முதலில் சொல்லிவிடுங்கள், அதில் பேரம் கிடையாது. அந்தக் காட்சியை ஒத்திகைக்கு இரண்டு தடவைக்கு மேல் முழு முகபாவத்தோடு ஆட வேண்டாம், மற்ற நேரம் அளவும் அடவும் (கால் கை அசைவுகளும்) மட்டும் பார்க்கலாம் என்று கேளுங்கள். தாய் வேடத்தை இரண்டு பெண்கள் மாறி மாறிச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால் நிறுத்துங்கள், மகளிடம் கேட்டுவிட்டு. ஐந்து வாரம் உழைத்த வேடத்தைச் சொல்லாமல் பிடுங்கினால் அது இன்னொரு இழவு.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்திகை முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. தட்டிக் கும்பிட்டு, முகம் கழுவி, தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட். பதினாறு பேரும் காரம் காரம் என்று கத்துவார்கள். தாய் வேடம் போட்டவள்தான் எப்போதும் இரண்டாவது பிளேட் கேட்பாள். இன்றைக்கு ஒத்திகை இருந்தால், வாசலில் காத்திருந்து நீங்களும் அப்படிக் கூட்டிப்போய்ப் பாருங்கள். அவள் சாப்பிடுகிறாளா, தட்டை நகர்த்தி வைக்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.